சந்தா கட்ட ஒரே ஒரு வாசல் போதுமா?

ஏப்ரல் மாதம் பிறந்தால் புனே நகரத்துத் தமிழ் மன்றங்களுக்கும், பஜனை சமாஜங்களுக்கும், கோயில் கமிட்டிகளுக்கும், ஊர்ச் சங்கங்களுக்கும் புதுக்கணக்கு தொடங்குகிறது. ஆண்டுச் சந்தா வசூலிக்க வேண்டிய காலம் இது. முன்பெல்லாம் ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் வீடு வீடாக வருவார். இப்போது கைப்பேசிக்குக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கியூஆர் கட்டம் வந்து சேருகிறது. "இதை ஸ்கேன் செய்து இன்ன தேதிக்குள் சந்தாவைக் கட்டவும். கட்டத் தவறியவர்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்" என்று அதன் கீழே இரண்டு வரி இருக்கிறது.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஹிஞ்ஜவாடியில் கணினி வேலை பார்க்கும் இளைஞர், கையிலிருக்கும் தேநீர் ஆறுவதற்குள் கட்டி முடித்துவிடுவார். ஆனால் கட்கி பஜாரில் பெட்டிக்கடை வைத்திருப்பவரும், தேஹூ ரோட்டில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவரும், போசரியில் ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிக்கு நிற்பவரும் அதே வேகத்தில் கட்டிவிடுவார்களா? பணம் கையில் இருந்தும், கட்ட மனம் இருந்தும், கட்டும் வழி கைக்கு எட்டாத ஒரே காரணத்தால் ஒருவர் உறுப்பினர் இல்லாமல் போகலாமா? சங்கங்களின் நிர்வாகிகள் சற்று நின்று யோசிக்க வேண்டிய கேள்வி இது.

சந்தாவை எந்த வழியில் வாங்குவது என்பது பொருளாளரின் மேஜையோடு முடிந்துபோகும் சில்லறைக் காரியமாகத் தோன்றலாம். உண்மையில், சங்கம் யாருடையது என்பதையே அது தீர்மானிக்கிறது.

பட்டியலில் பெயர்

மராட்டிய மாநிலத்தில் பதிவு பெற்று இயங்கும் இத்தகைய சங்கங்கள் பெரும்பாலும் 1860-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழும், 1950-ம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழும் பதிவானவை. 1860-ம் ஆண்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு, உறுப்பினர் என்பவர் யார் என்று விளக்குகிறது. விதிகளின்படி சேர்க்கப்பட்டு, சந்தா செலுத்தியவர் அல்லது உறுப்பினர் பட்டியலில் கையெழுத்திட்டவர், ராஜினாமா செய்யாத வரையில் உறுப்பினர். ஆனால் சந்தாவை மூன்று மாதங்களுக்கு மேல் பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்களிக்கும் உரிமை கிடையாது. உறுப்பினராகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் தகுதியும் கிடையாது.

இதன் பொருளை எல்லோரும் உணர்ந்திருப்பதாகத் தெரியவில்லை. மூன்று மாதப் பாக்கி என்பது வெறும் கடன் பாக்கி அல்ல. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் பொதுக்குழுவில் கை தூக்கும் உரிமையே அதனால் போய்விடுகிறது. சங்கத்துக்கு ஒரு கட்டடம் இருந்தால் அதை வாடகைக்கு விடுவதா, இடித்துக் கட்டுவதா என்று முடிவு செய்வது உறுப்பினர்கள்தான். பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவதா, பட்டிமன்றத்துக்குப் பேச்சாளரை விமானத்தில் அழைத்து வருவதா என்பதும் அவர்கள் கையில்தான். சங்கத்தைக் கலைப்பதென்றால்கூட ஐந்தில் மூன்று பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். அந்த ஐந்து பங்கில் யார் யார் அடக்கம் என்பதைச் சந்தாப் பதிவேடு சொல்கிறது.

ஆகவே, சந்தா கட்டும் வழியை மாற்றும்போது வாக்காளர் பட்டியலும் மாறக்கூடும். யாரையும் விலக்கும் எண்ணம் நிர்வாகிகளுக்கு இல்லாமலேயே அது நடந்துவிடுகிறது.

ரசீதுப் புத்தகத்தின் காலம்

புனேயில் தமிழர்கள் நேற்று வந்தவர்கள் அல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் கிர்க்கி என்று வழங்கிய கட்கியில் 1869-ல் வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கியது. அதற்குப் பின் தேஹூ ரோட்டில் ராணுவ டிப்போ வந்தது. தென் பிராந்திய ராணுவத் தலைமையகத்தின் அலுவலகங்களும், ரயில்வேயும் குமாஸ்தாக்களையும் கணக்கர்களையும் அழைத்தன. 1954-ல் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொழிற்சாலை வந்தது. மோட்டார் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து வந்தன. ரஸ்தா பேட்டில் குடியேறிய குமாஸ்தாக் குடும்பங்களும், கட்கியிலும் தேஹூ ரோட்டிலும் குடியேறிய தொழிலாளர் குடும்பங்களும் தலைமுறைகளாக இங்கே வாழ்கின்றன.

அந்த நாட்களில் சந்தா வசூல் என்றால் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வசூலுக்கு வருகிறவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்காருவார். ஒரு டம்ளர் காபி குடிப்பார். பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததா, ஊரிலிருந்து கடிதம் வந்ததா என்று விசாரிப்பார். ஒரு வீட்டில் சந்தா வரவில்லை என்றால், அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை அல்லது வேலை போய்விட்டது என்று சங்கத்துக்குத் தெரிந்துவிடும். சந்தாவோடு செய்தியும் வசூலானது.

அதனால் அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்லிவிடவும் முடியாது. ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை காணாமல் போவதுண்டு. வசூலித்த பணம் வசூலித்தவரின் வீட்டுச் செலவுக்குக் கைமாற்றாகப் போய், திரும்பி வர மாதங்கள் ஆவதுண்டு. பொருளாளருக்கு வேற்றூர் மாற்றல் வந்தால் கணக்குப் புத்தகமும் அவரோடு ரயில் ஏறிவிடும். வசூலுக்கு வருகிறவர் தனக்கு வேண்டியவர் வீட்டுக்கு நாலு முறை போவார். வேண்டாதவர் வீட்டு வாசலை மிதிக்கவே மாட்டார். பிறகு, "இவர் சந்தா கட்டவில்லை" என்று பொதுக்குழுவில் எழுந்து சொல்வார். ஒரே வாசல் வைத்தால், அந்த வாசலில் நிற்கும் காவல்காரர் வைத்ததே சட்டம் என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம்.

மணியார்டரும் தலைக்கட்டு வரியும்

புனேயில் கட்டும் சந்தா ஒருபுறம் இருக்க, ஊருக்கு அனுப்பும் சந்தா ஒன்றும் உண்டு. தென் மாவட்டத்துக் கிராமங்களில் கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி விதிப்பார்கள். பிழைப்புக்காக எவ்வளவு தூரம் போனாலும் அந்த வரியைக் கட்டுகிறவன் ஊர்க்காரன். கட்டாதவன் வீட்டுக்குத் திருவிழாவில் உரிய மரியாதை கிடைக்காது. நல்லது கெட்டதில் ஊர் வந்து நிற்குமா என்ற பயமும் உண்டு. ஆகவே வயிற்றைக் கட்டி வாயைக் கட்டியாவது வரிப்பணத்தை அனுப்பிவிடுவார்கள்.

அனுப்பும் வழி மணியார்டர். இந்தியாவில் 1880-ல் தபால் இலாகா தொடங்கிய அந்தச் சேவையில் 100 ரூபாய் அனுப்ப 5 ரூபாய் கமிஷன் என்ற விகிதம் நெடுங்காலம் இருந்தது. கமிஷன் அதிகம்தான். ஆனால் அந்தப் படிவத்தின் ஓரத்தில் நாலு வரி எழுத இடம் இருந்தது. "முருகன் தலைக்கட்டு, இந்த வருஷத்து வரி" என்று எழுதி அனுப்பினால், ஊரில் பணம் வாங்கியவர் போட்ட கையெழுத்து, சில வாரங்களில் அனுப்பியவர் கைக்குத் திரும்பி வரும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் நின்றவரோ தபால் நிலைய வாசலில் உட்கார்ந்திருப்பவரோ எழுதித் தருவார். யார் அனுப்பியது, எதற்காக அனுப்பியது, யார் வாங்கியது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தக் காகிதம் பதில் சொல்லிற்று.

அந்தப் பழைய காகித மணியார்டர் 2015-ல் விடைபெற்றது. மின்னணு மணியார்டர் அதற்கு முன்பே, 2008-ல் வந்துவிட்டது. இன்று தலைக்கட்டு வரியைக்கூட நொடியில் அனுப்பிவிடுகிறார்கள். கமிஷன் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஆனால் மணியார்டர் படிவம் பதில் சொன்ன அந்த மூன்று கேள்விகளையும் இப்போது யாராவது கேட்டுப் பதில் எழுதி வைக்கிறார்களா என்பதுதான் பிரச்சினை.

நாலணாவும் நூலும்

சந்தா கட்டும் முறையை வைத்து உறுப்பினர் யார் என்று தீர்மானிக்கும் தகராறு இந்த நாட்டுக்குப் புதிதல்ல.

இதே புனேயில் 1870-ல் தோன்றியது சார்வஜனிக் சபை. அதில் உறுப்பினராக விரும்புகிறவர், "இவர் எங்கள் பிரதிநிதி" என்று குறைந்தது 50 பேர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் கொண்டுவர வேண்டும் என்று விதி வைத்தார்கள். பணம் படைத்தவர் என்பதற்காக மட்டும் ஒருவர் உள்ளே வந்துவிடக் கூடாது. மக்கள் நம்பிக்கை வேண்டும் என்பது அதன் கருத்து.

காங்கிரஸ் மகாசபை 1920-ல் நாகபுரியில் கூடியபோது, ஆண்டுக்கு நாலணா கட்டினால் எவரும் உறுப்பினர் ஆகலாம் என்று முடிவு செய்தது. நாலணா என்றால் இன்றைய கணக்கில் கால் ரூபாய். வழக்கறிஞர்களும் மிராசுதாரர்களும் நிறைந்திருந்த மகாசபைக்குள் விவசாயியும் தொழிலாளியும் வருவதற்கு அந்த நாலணாதான் கதவைத் திறந்தது.

நாலு ஆண்டுகள் கழித்து வேறொரு யோசனை வந்தது. 1924 டிசம்பரில் பெல்காமில் காந்தியடிகள் தலைமையில் கூடிய மகாசபை, நாலணாவுக்குப் பதிலாக மாதம் 2,000 கஜம் நூலைச் சந்தாவாகக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது. தாமே நூற்றும் தரலாம். முடியாதவர்கள் பிறர் நூற்றதைப் பெற்றும் தரலாம். நோக்கம் உயர்ந்த நோக்கம். உழைப்பில்லாமல் உறுப்பினர் இல்லை என்பது அதன் சாரம். ஆனால் நடந்தது என்ன? நூற்கத் தெரியாதவர்களும், நூற்க நேரம் இல்லாதவர்களும் விலகி நின்றார்கள். உறுப்பினர் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. ஓராண்டு முடிவதற்குள், 1925 செப்டம்பரில் பாட்னாவில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி விதியைத் தளர்த்தியது. ஆண்டுக்கு நாலணா கட்டலாம். அல்லது தம் கையால் நூற்ற 2,000 கஜம் நூல் கொடுக்கலாம் என்று இரண்டு வழி ஆயிற்று.

காந்தியடிகளே முன்வைத்த வழியாக இருந்தும், அது ஒன்றே வழி என்றபோது நிலைக்கவில்லை. நூற்கத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் ஒரே அமைப்பில் வைத்துக்கொள்ள இரண்டாவது வாசல் தேவைப்பட்டது. இன்றைய கைப்பேசியை அன்றைய ராட்டைக்கு ஒப்பிட்டுப் பார்த்தால் பாடம் விளங்கும்.

வசதியை மறுப்பதற்கில்லை

புதிய வழியின் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமாயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 8-ம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு அது வேகமெடுத்தது. இன்று புனேயில் வடாபாவ் வண்டியிலும் காய்கறி மண்டியிலும் அந்தக் கட்டம் ஒட்டப்பட்டிருக்கிறது. "சுட்டே பைசே" இல்லை என்ற சண்டை குறைந்துவிட்டது.

வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் சந்தா அனுப்ப, அனுப்புகிறவருக்குக் கட்டணம் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து சாக்கணிலிருந்து வருகிறவர் பஸ்ஸில் உட்கார்ந்தே கட்டலாம். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று விழுகிறது. பின்னால் தேடி எடுக்கலாம். செயலியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளவும் வசதி உண்டு. இணைய வசதி இல்லாத சாதாரணக் கைப்பேசிக்கும் 2022 மார்ச்சில் ஒரு வழி தொடங்கினார்கள்.

வங்கிக்கு வங்கி மாற்றும் நெப்ட் முறை 2019 டிசம்பரிலிருந்து இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. ஆயுள் சந்தா போன்ற பெருந்தொகைக்கு அது ஏற்றது. ஆண்டுதோறும் தானாகவே பிடித்தம் செய்துகொள்ள அனுமதி கொடுத்து வைக்கும் முறையும் இருக்கிறது. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. மாதச் சம்பளக்காரருக்கு அது தோதுப்படும். கூலி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று வாழ்கிறவர் அந்த அனுமதியைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. கணக்கில் மிச்சம் இருக்கும் நூறு இருநூறும் அரிசி வாங்கும் நாளில் போய்விடக் கூடும்.

அனுப்பியவர் கணக்கில் பணம் கழிந்து, சங்கத்தின் கணக்கில் ஏறாமல் நின்றுவிடுவதும் உண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு விதி வகுத்தது. கணக்குக்குக் கணக்கு அனுப்பிய யு.பி.ஐ. பணம் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்ட ஈடு உண்டு. இது தெரியாமல், "பணம் போயிற்று" என்று தலையில் கை வைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் கட்டியவர்கள் உண்டு.

வெளியே நிற்பவர் யார்?

இத்தனை வசதி இருந்தும் வெளியே நிற்பவர்கள் யார்? அவர்கள் சோம்பேறிகள் அல்ல, பிடிவாதக்காரர்களும் அல்ல.

முதலில், வங்கிக் கணக்கு ஊரில் இருப்பவர்கள். கணக்கோடு இணைத்த கைப்பேசி எண் ஒன்றாகவும், கையில் இருக்கும் எண் வேறாகவும் இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் பழைய எண் கைவிட்டுப் போயிருக்கும். எண்ணை மாற்ற வங்கிக்குப் போக வேண்டும். அதற்கு ஒருநாள் கூலி போகும்.

அடுத்தது, வீட்டுக்கு ஒரே கைப்பேசி உள்ள குடும்பங்கள். அது பெரும்பாலும் மகன் கையிலோ கணவர் கையிலோ இருக்கும். சந்தா அந்தக் கணக்கிலிருந்து போகும். சங்கத்தின் வங்கி ஏட்டில் மகன் பெயர் விழும். அம்மாவின் பெயரில் பாக்கி அப்படியே நிற்கும். கணவர் இறந்த பிறகு உறுப்பினர் பதவியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளாத பெண்ணின் நிலைமை இன்னும் சிக்கல். மூன்று மாதம் கழித்துப் பட்டியலைப் பார்த்தால் அவர் பெயர் இருக்காது. "கட்டினோமே" என்பார். "உங்கள் பெயரில் வரவில்லையே" என்பார் பொருளாளர். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

மூன்றாவது, மோசடிக்குப் பயந்தவர்கள். கைப்பேசியில் வந்த ஏதோ ஒன்றை அழுத்திப் பணத்தை இழந்தவரோ, இழந்தவரைப் பக்கத்து வீட்டில் பார்த்தவரோ, இனி அந்த விஷயமே வேண்டாம் என்று முடிவு செய்திருப்பார். அந்தப் பயத்தைப் பட்டிக்காட்டுத்தனம் என்று பரிகசிப்பது நியாயமல்ல. ஓய்வூதியப் பணம் முழுவதும் ஒரே கணக்கில் இருக்கும்போது பயப்படுகிறவர் விவரம் தெரிந்தவரே.

இந்த மூன்று வகையினரையும் கூட்டிப் பாருங்கள். சங்கத்தைத் தொடங்கியவர்களும், அதன் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர்களும், இன்று அதன் உதவி மிகவும் தேவைப்படுகிறவர்களும் அவர்களுக்குள்ளேதான் இருப்பார்கள்.

யார் கணக்குக்குப் பணம்?

கட்டும் வழியைப் பற்றிப் பேசும்போது, பணம் போய்ச் சேரும் இடத்தையும் பேச வேண்டும். சில சிறிய சங்கங்களில் செயலாளர் தம் சொந்தக் கைப்பேசி எண்ணையே கொடுத்து, "எனக்கு ஜிபே பண்ணிவிடுங்கள்" என்கிறார். சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்க ஆவணங்கள் வேண்டும், வங்கியில் அலைச்சல் என்பது அவர் சொல்லும் காரணம். அவர் உத்தமராகவே இருக்கலாம். ஆனாலும் சங்கத்துப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பானையில் கலந்தால், பிரித்து எடுப்பது யாராலும் ஆகாத காரியம். அவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், அந்தப் பணம் அவருடைய வாரிசுகளின் விவகாரம் ஆகிவிடும். கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். சந்தா கட்டுகிறவர்கள் ஸ்கேன் செய்தவுடன் திரையில் தோன்றும் பெயரைப் படிக்க வேண்டும். சங்கத்தின் பெயர் வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

உறுப்பினர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை. கொடுப்பதற்கு மட்டுமே தேவை. "கூடுதலாகக் கட்டிவிட்டீர்கள், திருப்பித் தருகிறோம், ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

மோசடி மறுபக்கத்திலிருந்தும் வரலாம். பணம் கட்டியதாகக் காட்டும் பொய்ப் படத்தை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பொருளாளர், படத்தை நம்பாமல் வங்கி ஏட்டைப் பார்த்த பிறகே ரசீது எழுத வேண்டும். ரசீது எழுதியே ஆகவும் வேண்டும். கைப்பேசியில் தோன்றும் பச்சை அடையாளம், பணம் போயிற்று என்பதற்கு மட்டுமே சாட்சி. இன்னார் இன்ன ஆண்டுக்கு உறுப்பினர் என்று சங்கம் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி, உறுப்பினர் பெயரும் எண்ணும் ஆண்டும் எழுதிய ரசீதுதான். நாளை பொதுக்குழு வாசலில் தகராறு வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும்.

செயலாளர்களின் சங்கடம்

நிர்வாகிகள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் அல்ல. பகலெல்லாம் ஆபீசிலோ ஆலையிலோ உழைத்துவிட்டு, மாலையில் சங்கத்து வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள். பிம்பிரியிலிருந்து கட்கிக்கும் கட்கியிலிருந்து ரஸ்தா பேட்டுக்கும் போக்குவரத்து நெரிசலில் வீடு வீடாக அலைய இன்று யாரால் முடியும்? ரொக்கம் வாங்கினால் எண்ண வேண்டும், வீட்டில் வைத்துக் காக்க வேண்டும், வங்கியில் வரிசையில் நிற்க வேண்டும். கணக்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் பொதுக்குழுவில் பழிச்சொல் கேட்க வேண்டும். கணினியில் வந்த பணத்தில் அந்தப் பழிக்கு இடமில்லை. தணிக்கையாளரும் திருப்தியாகக் கையெழுத்திடுகிறார்.

இவை எல்லாம் உண்மை. ஆகவே, பழையபடி வீடு வீடாகப் போங்கள் என்று யாரும் அவர்களைக் கேட்க முடியாது. இணைய வழியை முதல் வழியாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதை ஒரே வழியாக ஆக்கிவிடக் கூடாது என்பதுதான் கோரிக்கை. நூறு பேரில் எண்பது பேர் கைப்பேசியில் கட்டிவிட்டால், மிச்சமுள்ள இருபது பேருக்காகச் செலவிடும் நேரம் முன்பைவிடக் குறைவுதானே! மிச்சமான நேரத்தில் கொஞ்சத்தை அந்த இருபது பேருக்குக் கொடுக்கலாம்.

செய்யக்கூடியவை

தொழிற்சங்கங்களின் அனுபவம் இங்கே உதவும். 1971-ல் மராட்டிய அரசு கொண்டுவந்த தொழிற்சங்க அங்கீகாரச் சட்டம், அங்கீகாரம் பெற்ற சங்கத்துக்கு ஓர் உரிமை அளித்தது. சம்பளம் வழங்கப்படும் இடத்திலேயே உறுப்பினர்களிடம் சந்தா வசூலிக்கலாம் என்பதே அது. பணம் கைக்கு வரும் இடத்திலும் நேரத்திலும் கேட்டால்தான் தொழிலாளியால் கொடுக்க முடியும் என்ற நடைமுறை ஞானம் அதில் இருக்கிறது. தமிழ்ச் சங்கங்களும் அதைப் பின்பற்றலாம். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், கட்கியில் ஒருமுறை, தேஹூ ரோட்டில் ஒருமுறை, போசரியில் ஒருமுறை என்று ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டு உட்கார்ந்தால் போதும். கோயில் வாசலும், பொங்கல் விழா நடக்கும் மைதானமும் அதற்கு ஏற்ற இடங்கள்.

கைப்பேசி வசதி இல்லாத முதியவரிடம் ரொக்கத்தை வாங்கிக்கொண்டு, ஓர் இளைஞர் தம் கணக்கிலிருந்து அனுப்பலாம். ஆனால் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் அந்த முதியவரின் உறுப்பினர் எண்ணைக் குறிக்க வேண்டும். ரசீது முதியவர் பெயரிலேயே வர வேண்டும். பழைய மணியார்டர் படிவத்தின் ஓரத்தில் எழுதிய நாலு வரியின் வேலையை இந்தக் குறிப்பு செய்யும். இதற்காகவே ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அதைச் சிறிய அட்டையில் அச்சிட்டுத் தருவது நல்லது.

எந்த வழியில் கட்டினாலும் சந்தா ஒரே தொகையாக இருக்க வேண்டும். இணையத்தில் கட்டினால் தள்ளுபடி, ரொக்கமாகக் கட்டினால் கூடுதல் என்று வைப்பது, இல்லாதவனிடம் அதிகம் வாங்குவதாகவே முடியும். மொத்தமாகக் கட்ட இயலாதவருக்கு இரண்டு தவணை கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு தகவல் போக வேண்டும். குழுவில் போட்ட பொதுச் செய்தி போதாது. தொலைபேசியில் ஒருவர் பேச வேண்டும்; அல்லது ஒரு தபால் கார்டு எழுத வேண்டும். மூன்று மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் ஒருமுறையாவது "என்ன ஆயிற்று அண்ணாச்சி?" என்று கேட்காத சங்கம், பெயரை அடிக்கும் அவசரத்தை மட்டும் காட்டக் கூடாது. கேட்டால்தான் தெரியும்: ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா, வேலை போய்விட்டதா, அல்லது அந்தக் கட்டத்தை எப்படி ஸ்கேன் செய்வது என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கிறாரா என்று.

உறுப்பினர்களுக்கும் கடமை உண்டு. "கேட்கட்டும், தருகிறேன்" என்று காத்திருப்பது பழைய வழக்கம். வாசலுக்கு ஆள் வராத காலம் இது. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளைகளும் சலித்துக்கொள்ளாமல் பெற்றோருக்குக் கற்றுத்தர வேண்டும். கட்டியபின் ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, உறுப்பினர் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் விடுபட்டிருந்தால் பொதுக்குழு நாளன்று வாசலில் நின்று சத்தம் போடுவதைவிட, ஒரு மாதம் முன்பே எழுத்து மூலம் கேட்பது மேல்.

வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்தவனுக்குத் தன் மொழியில் பெயர் எழுதப்பட்டிருக்கும் ஒரே பதிவேடு, பல சமயங்களில் இந்தச் சங்கப் பதிவேடுதான். அவன் கொடுக்கும் நூறு இருநூறு ரூபாயால் சங்கம் செழித்துவிடப் போவதில்லை. ஆனால் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்கவும், மகன் படிப்புக்கு உதவி கேட்கவும், கடைசியில் தன்னைத் தூக்கிப் போக நாலு பேர் வரவும், அந்தப் பதிவேட்டில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று அவன் நினைக்கிறான். இந்த ஏப்ரலில் சந்தா அறிவிப்பை அச்சிடும் சங்கங்கள், கியூஆர் கட்டத்துக்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரியைச் சேர்க்கட்டும்: "ரொக்கமாகக் கட்ட விரும்புவோர் இன்ன ஞாயிற்றுக்கிழமை, இன்ன இடத்துக்கு வரவும்."